கோதாவரிக்குத் திவசம்

மீசையில் பாதி போயிருந்தது. மீதிப் பாதிக்கு நானு கத்தியைக் கொண்டுபோனபோதுதான், விஷக்காய்ச்சலில் செத்துப்போன கோதாவரி அக்கா வாசலில் டாங்கா குதிரைவண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பதை வாமன் பார்த்தான்.

கத்த முடியவில்லை. மேலுதட்டில் கத்தி இருந்தது. நாவிதர் நானுவும் கையை அசைக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

"அவளுக்கு யார் சொன்னது?" என்றான் வாமன், உதட்டை அசைக்காமல்.

"பேசாதீங்க, உதடு போயிடும்."

"நீதானா?"

"விடிஞ்சதும் சினிமா ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். பொம்பள வேஷக்காரனுங்களுக்கு தினமும் சவரம் பண்ணணுமில்ல? போன இடத்துல வாய் சும்மா இருக்குமா?" என்றார் நானு. "அப்பா செத்ததை மகளுக்குச் சொல்லக் கூடாதா?"

"அவளே செத்துப்போயிட்டாளேய்யா!"

நானு கத்தியைத் தோல்வாரில் ஒருமுறை தீட்டிக்கொண்டார்.

உள்ளே கூடத்தில் வாமனின் அப்பா ராவ்ஜி நீட்டிப் படுத்திருந்தார். கோலாப்பூர் சுக்ரவார் பேட்டையில் தையற்காரர் ராவ்ஜி என்றால் தெரியாதவர்கள் இல்லை. விடியற்காலை டீ கேட்டார். பாதி குடித்தார். "சர்க்கரை எங்கே?" என்றார். சர்க்கரை வருவதற்குள் போய்விட்டார். அழுகைக்கு நடுவிலும் வாமனின் மனைவி அனசூயா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "டப்பா கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. திறக்கறதுக்குள்ள போயிட்டாரே."

வாமன் சர்க்கார் கச்சேரியில் நகல் எழுதும் குமாஸ்தா. மீரஜில் பெண் பார்க்கப் போனபோது, வீட்டில் வேறு யார் யார் என்று கேட்டார்கள். "ஒரு அக்கா இருந்தா, ஜெர்மன் சண்டை முடிஞ்ச வருஷம் காய்ச்சல்ல போயிட்டா" என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். ஆனால் பொய்ச் சாவுக்கும் செய்யவேண்டிய காரியங்கள் இருக்கின்றன. கல்யாணமாகி வந்த அனசூயா, நாத்தனாருக்குத் திவசம் என்றைக்கு என்று கேட்டாள். வாயில் வந்த திதியைச் சொன்னான். அதிலிருந்து வருஷா வருஷம் அந்த நாளில் வீட்டில் பூரண போளி. ராவ்ஜி மறுபேச்சு பேசாமல் மணையில் உட்கார்ந்து, உயிரோடிருக்கும் மகளின் திவசச் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிடுவார். "கோதுவுக்கு நெய் தாராளமா விடணும்மா" என்பார். வாமன் பாதியிலேயே இலையை மூடிவிடுவான்.

செத்தவள் இருந்ததோ ரங்காளா ஏரிக்கு அந்தப் பக்கம். நடந்தே போய்விடலாம். ஊர்ச் சுவர்களிலெல்லாம் சினிமா போஸ்டரில் கிரீடம் வைத்துக்கொண்டு அவள் முகம். வாமன் குனிந்த தலையோடு கச்சேரிக்குப் போய் குனிந்த தலையோடு வந்தான். நல்ல அடக்கமான பிள்ளை என்று பெயர் வாங்கினான். அனசூயா ஒரு தடவை சினிமா என்று வாயெடுத்தபோது, "கண்ணு கெட்டுப்போகும்" என்று முடித்துவிட்டான்.

அக்காவின் புருஷன் பம்பாய் மில்லுக்குப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு இருந்துவிட்டான். பிறந்த வீட்டுக்கு வந்த கோதாவரி, அப்பா தைத்த துணிமூட்டைகளை ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போனாள். அப்போது படத்தில் ராணிகளெல்லாம் ஆண்பிள்ளைகள். அவர்கள் ரவிக்கைக்குள் பஞ்சு எங்கே, எவ்வளவு என்பதில் ராவ்ஜியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருநாள் ராணிக்கு மஞ்சள் காமாலை. படத்தில் மஞ்சள் தெரியாது, நில்லுடா என்றார் முதலாளி. ராணி நின்று பார்த்து, முடியாமல் சிம்மாசனத்திலேயே வாந்தியெடுத்தார். வாடகை யானை காத்திருந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கோதாவரியைப் பார்த்து, "நீயே கட்டிக்கிட்டு நில்லும்மா" என்றார்கள்.

நின்றாள். படம் ஓடியது. அன்றைக்கு ஆரம்பித்தது, வீட்டுக் கூரையில் கல் விழ. குழாயடியில் அவள் குடம் பட்ட இடத்தைக் கழுவினார்கள். சாதிப் பெரியவர் கேசோபா நாலு பேரைக் கூட்டிப் பேசினார். கடைசியில் வாமன்தான் சொன்னான், "அக்கா, நீ போயிடு." அவள் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் போனாள்.

இன்றைக்கு வாசல் வழியாக வந்தாள்.

வாசலில் அனசூயா நின்றிருந்தாள். பக்கத்தில் வாமனின் மாமனார் தாத்யாவும் மாமியாரும். ராவ்ஜிக்கு உடம்பு முடியவில்லை என்று கேட்டு மீரஜிலிருந்து நேற்றே வந்திருந்தார்கள். மழித்த தலையும் பாதி மீசையுமாக வாமன் எழுந்து ஓடினான். என்ன சொல்வது? சித்தப்பா மகள் என்று சொல்லலாம். அக்கா மாதிரியே இருக்கும் சித்தப்பா மகள்.

"அனசூயா, இவங்க வந்து…"

"வாங்கக்கா," என்றாள் அனசூயா. "காலைக் கழுவிக்கிட்டு வாங்க."

கோதாவரி கால் கழுவினாள். உள்ளே எட்டிப் பார்த்தவள், படியேறாமல் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, வேறென்ன பேசுவது என்று தெரியாதவள் போல, "போன தடவை போளியில ஏலக்காய் தூக்கலா இருந்துச்சு" என்றாள்.

"ஏலக்காய் இல்லக்கா, ஜாதிக்காய். மாமாதான் போடச் சொன்னார்."

வாமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "போளியா? இவளுக்கு எப்படிப் போளி?"

"மாமா கொண்டுபோய்க் குடுப்பார். 'உன் திவசம், சூடா இருக்கறப்பவே சாப்பிடு'ன்னு சொல்லிக் குடுப்பாராம்," என்றாள் அனசூயா. "வாழை இலையில கட்டித் தந்தது யாருன்னு நெனச்சீங்க?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வந்த மாசமே. குழாயடியில இதைச் சொல்லாம வேற எதைச் சொல்வாங்க? நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். நீங்க திதி சொன்னீங்க." அவன் முகத்தைப் பார்த்தாள். "முதல்ல போய் அந்த மீசையை முடிச்சிட்டு வாங்க. பாதி மீசையோட நிக்கறவர்கிட்ட கோபப்படக்கூட வரலை."

மாமியார் அதுவரை வாயைப் பிளந்து கோதாவரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது… காட்டுக்குப் போன ராணி இல்ல?" என்று கேட்டுவிட்டாள்.

தாத்யா திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"படக் கூடாரத்துல பொம்பளைங்க பக்கம் திரை கட்டியிருந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டா. ஒரே ஒரு தடவை…" அவள் சட்டென்று நிறுத்தினாள். "அது ராணி இல்லைன்னு நீங்க சொல்லலியே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தாத்யா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, நாவிதர் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று விசாரிக்கப் போனார்.

அதற்குள் சந்து நிறைந்துவிட்டது. ராவ்ஜிக்காக வந்தவர்கள் இருபது பேர் இருக்கலாம். மற்றவர்கள் டாங்காவைத் தொடர்ந்து வந்தவர்கள். மாடிகளில், மதில்களில், எதிர்வீட்டு ஜன்னல்களில் எல்லாம் தலைகள். பக்கத்துத் தாலீமில் குஸ்தி பழகிக்கொண்டிருந்த பயில்வான்கள் உடம்பெல்லாம் செம்மண்ணோடு சுவரின்மேல் கைபோட்டுக்கொண்டு நின்றார்கள்.

கோதாவரி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்து முழுக்க மூச்சை அடக்கியது. காட்டுக்குப் போன ராணி அழுததை ஊரே பார்த்திருந்தது. அந்த அழுகைக்காக மறுபடி மறுபடி போனவர்கள் உண்டு. இப்போது சொந்த அப்பா.

அவள் அழவில்லை. போர்த்தியிருந்த வெள்ளைத்துணியின் ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"யார் கிழிச்சது இதை? கோணல்மாணலா இருக்கு," என்றாள். "அப்பா பார்த்தா சகிக்க மாட்டார்." பிசிறை உள்ளே மடித்து, நகத்தால் நீவி, அவர் தோளுக்கடியில் செருகினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்த அவருடைய ஆள்காட்டி விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துவிட்டாள்.

"இவ்வளவுதானா?" என்றது ஜன்னலில் ஒரு குரல்.

"அங்க குடம் குடமா ஊத்துவா. பெத்தவனுக்கு ஒரு சொட்டுக் கெடையாது."

"சம்பளம் குடுத்தாத்தான் வரும் போல."

வாமன் முழுமீசையும் போய்த் திரும்பிவந்தபோது, பாடை கட்டியாகிவிட்டது. ஆனால் யாரும் தூக்க வரவில்லை. கேசோபா முற்றத்தின் நடுவில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் பின்னால் சாதிக்காரர்கள்.

"வாமன், உங்கப்பா நல்ல மனுஷன். அதுல பேச்சில்ல," என்றார் கேசோபா. "இந்தப் பொம்பள இந்த வீட்டை விட்டு இறங்கட்டும். நாங்க தோள் குடுக்கறோம். இல்லைன்னா இல்ல."

வாமன் கையில் தீச்சட்டி புகைந்தது. பழக்கம்தான், "அக்கா" என்று அவளைப் பார்த்துத் திரும்பினான். அடுத்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முன்பு ஒருமுறை சொன்ன அதே 'நீ போயிடு'தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இவன் சொன்னால் இப்போதும் போய்விடுபவள் போல.

அந்த வார்த்தை வரவில்லை. புகை கண்ணைக் கரித்ததால் ஒரு தும்மல்தான் வந்தது.

தம்பி பேசப்போவதில்லை என்று தெரிந்ததும் கோதாவரியே திரும்பினாள். "கேசோபா மாமா, உங்க மகன் பண்டரி ராணி வேஷத்துல நிக்கற போட்டோவைச் சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டியிருக்கீங்க. வர்றவங்களுக்கெல்லாம் காட்டறீங்க. அவனுக்குக் காமாலை வந்தன்னிக்கு அதே புடவையைத்தான் நான் கட்டினேன். ரவிக்கையில அப்பா பஞ்சை எடுத்தார். வேற என்ன வித்தியாசம்?"

"அது கலைம்மா," என்றார் கேசோபா. "ஆம்பள பொம்பளயா நடிச்சா அது கலை. பொம்பளயே பொம்பளயா வந்து நின்னா அது கலை இல்ல, கடை."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். அப்போது ஆண்கள் நடுவிலிருந்து ஒருவன் எழுந்தான். மழித்த புருவம், மெலிந்த கழுத்து. எழுந்தவன் தோளிலிருந்து நழுவிய துண்டை முந்தானையை இழுப்பது போலவே இழுத்துப் போட்டுக்கொண்டான். கேசோபாவின் மகன் பண்டரி.

"அப்பா, ராவ்ஜி மாமா இல்லைன்னா நான் பொம்பளயே இல்ல," என்றான்.

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

"உட்கார்றா."

"சிரிக்கட்டும்ப்பா. என் உடம்புக்குப் பார்த்துப் பார்த்துத் தச்ச மனுஷன். அவரை வெயில்ல போட்டு வச்சிக்கிட்டு நீங்க கலையைப் பத்திப் பேசறீங்க." நேராக வந்து பாடையின் முன்கம்பைப் பிடித்துக் குந்தினான். "ஒரு பக்கம் நான். இன்னும் மூணு பேர் வாங்க."

யாரும் நகரவில்லை. வாமன் தாத்யாவைப் பார்த்தான். தாத்யா இடுப்பில் கையை வைத்து வலி என்று சைகை காட்டினார். சுவருக்கு மேலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"இவர் ராணியம்மாவோட அப்பாவா?" தாலீமின் குஸ்தி வாத்தியார் உஸ்தாத். "அட, முன்னாடியே சொல்றதில்லையா? டேய், இறங்குங்கடா!"

மூன்று பயில்வான்கள் சுவரைத் தாண்டிக் குதித்தார்கள். செம்மண்ணைத் துடைக்கக்கூட நேரமெடுத்துக்கொள்ளவில்லை. ராவ்ஜியை ஒரு தலையணை மாதிரி தூக்கிவிட்டார்கள். பண்டரிக்கு அவர்கள் மார்பளவு உயரம்தான். அவன் மூலையில் பாடை சரிந்து, ராவ்ஜி மகளை எட்டிப் பார்ப்பது போல ஒரு பக்கமாகச் சாய்ந்தார். "குனிங்கடா எருமைங்களா!" என்று உஸ்தாத் அதட்ட, மூவரும் முழங்காலை மடித்து வாத்து நடை நடந்தார்கள்.

சந்து திரும்பிப் பெரிய வீதிக்கு வந்ததும் கூட்டம் இன்னும் பெருத்தது. ஒரு தையற்காரனுக்கு இப்படியொரு ஊர்வலத்தை யாரும் பார்த்ததில்லை. கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் வாமன் பக்கத்தில் யாரோ நடப்பது தெரிந்தது. கேசோபா. கைத்தடியை ஆட்டி, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு, எல்லாம் தன் ஏற்பாடு மாதிரி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

பஞ்சகங்கை ஆற்றங்கரையில் எல்லாம் முடிந்து குளித்துவிட்டுத் திரும்பும்போது, தாத்யா மெல்ல மருமகனோடு சேர்ந்துகொண்டார்.

"மாப்ளே, மனசுல வச்சுக்காதீங்க. நீங்க பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே எனக்குத் தெரியும்."

வாமன் நின்றுவிட்டான்.

"அதுக்கு முந்தின வாரந்தான் மீரஜ் கூடாரத்துல அந்தப் படம் பார்த்தேன். திரையில ராணியோட மூக்கு கதவு உயரத்துக்கு இருந்துச்சு. மறுவாரம் அதே மூக்கு என் வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து உப்புமா சாப்பிடுது."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டா, ஆமாம்பீங்க. ஆமான்னா நான் சம்பந்தத்தை முறிக்கணும். நல்ல பையன், கச்சேரி உத்தியோகம்." தாத்யா ஈரத் துண்டைப் பிழிந்தார். "அக்கா செத்துட்டாள்னு நீங்களே சொன்னதும் எனக்குப் பெரிய நிம்மதி."

இத்தனை வருஷமும் ஊரில் குனிந்த தலையோடு நடந்தது தான் ஒருவன் மட்டும்தான் என்று வாமனுக்குத் தோன்றியது. மற்றவர்களெல்லாம் தலைநிமிர்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்போது மாமியார் கோதாவரியைத் தனியாகச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வாமனுக்குக் காதில் விழுந்தது.

"ஏம்மா, படத்துல அந்தக் குழந்தையை ஆத்துல விட்டியே… அது நெசமாவே முழுகிடுச்சா?"

"துணிப் பொம்மை அத்தை. அப்பா தச்சது."

"அப்பாடா," என்றாள் மாமியார். "எத்தனை நாள் தூக்கமில்ல எனக்கு." கோதாவரியின் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்துவிட்டு, புருஷன் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்திலிருந்துதான் சாப்பாடு வரவேண்டும். விளக்கு வைத்தும் யார் வீட்டிலிருந்தும் வரவில்லை. கேசோபா ஊர்வலத்துக்கு வந்தார். ஆனால் அவர் வீட்டு அடுப்படி அவர் பேச்சைக் கேட்கவில்லை போலிருந்தது. தெரு மட்டும் கலையவில்லை. ஜன்னலுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் எதற்கோ காத்துக்கொண்டிருந்தார்கள். கோதாவரி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கதவு இடிபட்டது. உஸ்தாத். பின்னால் இரண்டு பேர் ஒரு அண்டாவைக் கம்பில் கோத்துத் தூக்கிவந்தார்கள். இன்னொருவன் தலையில் சோள ரொட்டி, கோபுரம் மாதிரி. இன்னொருவன் இடுப்பில் ஒரு குடம்.

"கடலைமாவுக் குழம்பு. குடத்துல பாதாம் அரைச்ச பால்," என்றார் உஸ்தாத். கோதாவரியை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு அண்டாவைப் பார்த்தே பேசினார். "ராணியம்மா இளைச்சுப் போயிருக்காங்கன்னு பசங்க சொன்னானுங்க."

கூடத்தில் பாதியை அண்டா அடைத்துக்கொண்டது. அவர்கள் போனதும் மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அனசூயா மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இதை எப்ப சாப்பிட்டு முடிக்கறது?"

சந்து முனையிலிருந்து உஸ்தாத்தின் குரல் வந்தது. "தங்கச்சி! அது ராத்திரிக்கு மட்டும்தான்! காலைக்கு வேற வருது!"

முதலில் அனசூயாவுக்குத்தான் மூக்குவழியாகச் சத்தம் வந்தது. பிறகு வாமனுக்கு. கோதாவரி ஒரு ரொட்டியைப் பிய்த்துக் கையில் வைத்திருந்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அது நிற்கவில்லை. அடக்க அடக்க முதுகு முழுக்க ஆடியது.

சாவு வீட்டில் சிரிப்பு கேட்டால் தெரு என்ன சொல்லும்? அனசூயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் பெருங்குரலில் ஒப்பாரி வைத்தாள். "மாமா… டீக்குச் சர்க்கரை கேட்டீங்களே மாமா… டப்பா திறக்கறதுக்குள்ள போயிட்டீங்களே…"

வெளியே சலசலப்பு.

"பாரு, பாரு. அழறா."

"எங்க? தள்ளு. அய்யோ, முதுகைப் பாரேன், எப்படிக் குலுங்குது."

"படத்துலகூட இப்படி அழலைடீ."

அனசூயா ஒப்பாரியை நிறுத்தினாள். வாமனும் சிரித்து முடித்துவிட்டான். கோதாவரியின் தோள் மட்டும் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. பிய்த்த ரொட்டி கையிலேயே இருந்தது. முந்தானைக்குள்ளிருந்து வந்த சத்தம் மாறியிருந்தது. அனசூயா நகர்ந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜன்னலில் முகங்கள் கூடிக்கொண்டே வந்தன. கம்பிகளுக்கிடையில் மூக்குகள் நுழைந்தன.

வாமன் எழுந்தான். ஆற்றில் குளித்துவிட்டு வந்து கொடியில் போட்டிருந்த வேட்டி இன்னும் காயவில்லை. அதை எடுத்து உதறி, ஜன்னல் முழுக்க மறையும்படி இரண்டு முனையையும் மேல்கம்பியில் இழுத்துக் கட்டினான். ஈரம் சொட்டியது.

வெளியே தெரு கொஞ்ச நேரம் அந்த வெள்ளைத்துணியையே பார்த்துக்கொண்டு நின்றது.